ஆப்பரேஷனல் ரீசன் என்றால் யார்?

பஸ் கம்பெனியின் இரண்டாவது மாடியில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு மேசை. பயணிகளுக்கு மேனேஜர் ஆங்கிலத்தில் எழுதும் பதில்களைத் தமிழாக்குவது அவள் வேலை. பதினோரு வருடத்தில் எந்தச் சொல்லுக்கும் அவள் பேனா நின்றதில்லை. அன்று நின்றது.

கடிதம் ஒரு பெரியவருடையது. பதினேழாம் நம்பர் காலை பஸ் மூன்று வாரமாகத் தபால் ஆபீஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்த்தான் நிற்கிறதாம். மற்றவர்கள் ஓடிப் போய் ஏறிவிடுகிறார்கள்; முழங்கால் வலிக்காரரான அவரால் முடியவில்லை. ஏற்கெனவே கேட்டதற்கு, அவள் லீவில் இருந்த வாரம், 'ஆப்பரேஷனல் ரீசன்' என்று ஆங்கிலத்திலேயே பதில் போயிருந்தது. 'அது என்னவென்று எனக்குப் புரிகிற தமிழில் சொல்லவும்' என்று முடித்திருந்தார்.

'இயக்கக் காரணங்கள்' என்று எழுதினாள். அடித்தாள். 'தவிர்க்க இயலாத காரணங்கள்' என்று எழுதினாள். அவளுக்கே சிரிப்பு வந்தது. எழுந்து மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், இந்த ஆப்பரேஷனல் ரீசன்னா என்ன?"

"இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்ல அப்படித்தாம்மா இருந்தது."

இன்ஸ்பெக்டர் கேன்டீனில் பிடிபட்டார். "டெப்போ ரெஜிஸ்டர்ல இருந்ததை எழுதினேன். நானா கண்டுபிடிச்சேன்?"

டெப்போவுக்கே போய் ரெஜிஸ்டரைப் புரட்டினாள். அந்த இரண்டு வார்த்தைகளையும் முதன்முதலில் எழுதியிருந்தது பதினேழாம் நம்பர் டிரைவர். ஆள் அங்கேயே பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, இது நீங்க எழுதினதுதானே? இதுக்கு என்ன அர்த்தம்?"

டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்தான். துணியை இரண்டு தரம் பிழிந்தான். "என் மாமனார்தான் அக்கா."

"என்னது?"

"ரிடையர்ட் லாரி டிரைவர். தினமும் தபால் ஆபீஸ்ல ஏறி என் பின்னாடியே நின்னுக்குவார். 'கிளட்ச்சை மிதிங்க மாப்பிள்ளை, ஹாரன் அடிங்க மாப்பிள்ளை'ன்னு கடைசி ஸ்டாப் வரைக்கும். பஸ்ஸே சிரிக்குது. நேத்து வந்தவன்கூட என்னை மாப்பிள்ளைன்னு கூப்பிடறான். வீட்டுல கேட்டப்போ, ஆபீஸ் ஆர்டர், ஆப்பரேஷனல் ரீசன்னு அடிச்சு விட்டேன். அப்புறம் ரெஜிஸ்டர்லயும் அதையே எழுதிட்டேன். யாருமே திருப்பிக் கேக்கலைக்கா."

சிரிப்பை அடக்க அவளுக்குப் பெரும்பாடாகிவிட்டது. "முழங்கால் வலிக்காரரைத் தவிக்க விட்டிருக்கீங்களே!"

டிரைவரின் முகம் தொங்கிப்போனது. "தப்புதான்க்கா. நாளையிலிருந்து சரியா நிறுத்தறேன். ஆனா அவர்கிட்ட சொல்ல எனக்கு வாய் வராது. நீங்களே எழுதிடுங்க. ஆபீஸ் சீலோட போனா மதிப்பார்."

அவள் எழுதினாள்: 'ஐயா, தாங்கள் கேட்ட ஆப்பரேஷனல் ரீசன் தாங்களேதான். பின்னால் நின்று தாங்கள் ஓட்டும்போது முன்னால் இருப்பவரால் ஓட்ட முடியவில்லை. நேரில் சொல்லக் கூச்சப்பட்டு அவர் தாண்டிப் போயிருக்கிறார். அது தவறு, அவரும் ஒப்புக்கொண்டார், விசாரிக்காமல் பதில் அனுப்பிய நாங்களும் ஒப்புக்கொள்கிறோம். இனி பஸ் ஸ்டாப்பிலேயே நிற்கும். தாங்கள் உட்கார்ந்து வர வேண்டுகிறோம்.'

மேனேஜர் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர். "இதுல எப்படிம்மா கையெழுத்து போடறது?" என்று கேட்டுக்கொண்டே போட்டார்.

நான்காம் நாள் காலையில் ஒரு பெரியவர் கடிதமும் கையுமாகப் படியேறி வந்தார். அவள் எழுந்து நின்றாள்.

"இதை எழுதினது நீதானாம்மா?"

"ஆமாங்கய்யா."

"முப்பது வருஷம் லாரி ஓட்டினேன். எத்தனையோ ஆபீஸ்லேருந்து பேப்பர் வந்திருக்கு. ஒண்ணுகூட இப்படி மூஞ்சிக்கு நேரா பேசினதில்ல." ஒரு நிமிடம் முறைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "என் மகளும் இதையேதான் சொல்றா. அந்தப் பய நல்லாத்தான் ஓட்டுவான்மா. என்னால சும்மா இருக்க முடியல, அவ்வளவுதான்."

மறுநாளும் பஸ் தபால் ஆபீஸ் ஸ்டாப்பில், கோடு போட்டாற்போல நின்றது. பெரியவர் மெல்ல ஏறி, கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தார். பஸ் ஒரு பெரிய பள்ளத்தில் நோகாமல் இறங்கி ஏறியது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். மாமனார் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, பேஷ் என்பதுபோல் கையை மட்டும் உயர்த்தினார்.