உப்பு குறைந்த நான்கு நாட்கள்

சிவப்பு விளக்கு எரிகிறது, பலகையின் மேல் வரிசையில் நாலாவது, யாரோ காத்திருக்கிறார்கள், ரூபவதி கையை நீட்டி வயரைப் பிடித்து இழுக்கிறாள், அது வரமாட்டேன் என்கிறது, ஐயோ அதப் பிடுங்காதீங்கம்மா என்று ஒரு நர்ஸ் ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள், அது கையில் மருந்து ஏறும் குழாய், இது பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடி, அவளுக்கு வயது எழுபத்துநான்கு, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் இணைக்கும் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றுப் பதினான்கு வருடமாகிவிட்டது, ஆனால் இதெல்லாம் அவளுக்குத் தெரிந்தால்தானே, அவளைப் பொறுத்தவரை காதில் ஹெட்போன் இருக்கிறது, இடப்பக்கம் இருப்பவள் சரோஜா, மத்தியான ஷிப்ட், மழைக்காலத்தில் எப்போதும் போல லைன்கள் இரைகின்றன. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வயதானவர் உட்கார்ந்திருக்கிறார், ரூபா, என்னத் தெரியுதா, நான் யாரு சொல்லு என்று கேட்கிறார், அவள் அவரை நிதானமாகப் பார்த்து, எந்த ஊர் வேணும் சார் என்கிறாள்.

அவர் தங்கையா, அவளைக் கட்டி நாற்பத்தொன்பது வருடமாகிறது, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்தியவர், எதையும் படித்துத் தெரிந்துகொண்டு செய்கிறவர். அவளுக்கு ரத்தக் கொதிப்பு என்று தெரிந்த அன்றே கொதிப்பையும் உப்பையும் பற்றிப் பேப்பரில் வந்ததையெல்லாம் வெட்டி வைத்துக்கொண்டார், போன சித்திரையில் டாக்டர் நீர் பிரிகிற மாத்திரை ஒன்றைச் சேர்த்தபோது வீட்டில் உப்பை அறவே நிறுத்தினார், அப்பளம் போயிற்று, ஊறுகாய் போயிற்று, கஞ்சியில் ஒரு கல் உப்பு போடட்டுமா என்று அவள் கேட்டதற்கு, உன் நல்லதுக்குத்தான சொல்லுதேன் என்றார், நாலு லிட்டர் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி மேசைமேல் வரிசையாக வைத்தார், அவள் குடித்தாள், அவர் சொல்வதை மறுத்துப் பேசும் பழக்கம் எந்த வருடத்தில் தன்னை விட்டுப்போனது என்று அவளுக்கே நினைவில்லை. ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை மல்லிகைப் பூவை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள், மறுநாள், எப்போதோ செத்துப்போன தன் அக்காவுக்கும் சேர்த்து இலை போட்டாள், சென்னையிலிருந்து மகள் பியூலா ஓடிவந்தாள், அம்மாவின் முன்னாலேயே, நாற்காலியையோ பீரோவையோ பற்றிப் பேசுவதுபோல, அப்பா, இது மறதி நோய்தான்ப்பா, எங்க ஆபீஸ்ல ஒருத்தங்க மாமியாருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது, இவங்கள மாதிரி ஆளுகளப் பாத்துக்கிடுத இடம் தாம்பரம் பக்கம் இருக்கு, உங்களால தனியா சமாளிக்க முடியாது என்றாள், ரூபவதிக்கு அந்தப் பேச்சு தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோலக் கேட்டது, யாரையோ எங்கோ அனுப்பப் போகிறார்கள், பாவம் என்று நினைத்தாள். புதன்கிழமை வாந்தி எடுத்துக் குளியலறை வாசலில் விழுந்தாள், அப்புறந்தான் ஆஸ்பத்திரி.

ரத்தத்தை எடுத்துப்போயிருக்கிறார்கள், ரிசல்ட் வரவில்லை, பியூலா கீழே மருந்துக் கடையில் நிற்கிறாள், அறையில் இவர்கள் இருவர் மட்டும், ரூபா, நான்தான் என்று அவர் மறுபடியும் சொல்ல, லைன்லயே இருங்க சார், மெட்ராஸ் கிடைக்க நேரமாகும் என்றாள் அவள், கிடைக்காத நேரத்தில் ஆபரேட்டர்கள் பேச்சுக் கொடுப்பது உண்டு, முகம் தெரியாதவரிடம் எதையும் சொல்லலாம், நானே மெட்ராஸ் போக வேண்டியவ சார், எண்பத்தஞ்சுல சூப்பர்வைசரா ஆர்டர் வந்துச்சு, வீட்டு விலாசத்துக்கு வந்துட்டு, எங்க வீட்டு சார் பிரிச்சுப் பாத்துட்டு எனக்கு வேண்டாம்னு எழுதி எங் கையெழுத்தப் போட்டு அனுப்பிட்டாவ, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல, ஆறு வருசம் கழிச்சு ஆபீஸ் பைல்ல பாத்தேன், நான் போடுததவிட அழகாப் போட்டிருந்தாவ. தங்கையாவின் கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது, நீங்க அவருகிட்ட கேக்கலியா என்றார், குரல் யாருடையதோ போலிருந்தது, இல்ல சார், கேட்டா பதில் சொல்லுவாவ, வாத்தியார் இல்லா, நல்லாவே சொல்லுவாவ, அதுக்கப்புறம் நான் ஒத்துக்கிடணும், கேக்காம இருந்தா அது எங்கிட்டயே இருக்கும், என்று சொல்லிவிட்டுக் காதருகே விரலை வைத்து எதையோ உற்றுக் கேட்டாள், இந்தா கிடைச்சிருச்சு, பேசுங்க சார். பேசுங்க, உங்க லைன்தான் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தாள், பியூலாவைவிடச் சின்னவள், ரத்தத்துல சோடியம், அதான் உப்பு, நூத்திப் பதிமூணுக்கு இறங்கியிருக்கு, நூத்தி முப்பத்தஞ்சாவது இருக்கணும், இது மறதி நோய் இல்ல, அந்த மாத்திரையும் இவ்வளவு தண்ணியும் சேந்து செஞ்ச வேலை, வயசானவங்களுக்கு அடிக்கடி வர்றதுதான், மெதுவாத்தான் ஏத்தணும், அவசரப்பட்டா மூளைக்கு ஆபத்து, ரெண்டு நாள்ல பழையபடி பேசுவாங்க என்றாள், உப்ப யாரு சுத்தமா நிறுத்தச் சொன்னது என்று கேட்டபோது பியூலா அப்பாவைப் பார்த்தாள், நான்தான் என்றார் தங்கையா, அதற்குமேல் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை, அது பியூலாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை ரூபவதி கண்ணைத் திறந்தாள், சுவர் சுவராக இருந்தது, குழாய் குழாயாக இருந்தது, எப்ப வந்தட்டி என்று மகளைக் கேட்டாள், பியூலா அழுதாள், தாம்பரம் பற்றி யாரும் பிறகு பேசவில்லை, ஆனால் ரூபவதிக்கு அது மட்டும் நன்றாக நினைவிருந்தது, அனுப்பப்பட இருந்த அந்த யாரோ தான்தான் என்று கணக்காகப் புரிந்தது, அதை அவள் மகளிடம் சொல்லிக்கொள்ளவில்லை, சொல்லாமல் வைத்துக்கொள்ளும் இடம் அவளுக்குள் ஏற்கெனவே பழகிய இடந்தான்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரமிருக்கும், பியூலா ஊருக்குப் போய்விட்டாள், ரூபவதி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தங்கையா எதிரில் வந்து உட்கார்ந்தார், வந்ததிலிருந்தே அவர் எதையும் கேட்டுக் கேட்டுச் செய்துகொண்டிருந்தார், ஜன்னலத் திறக்கட்டா, மாத்திரைய இப்பத் தரட்டா, அது அவளுக்குக் கூச்சமாகக்கூட இருந்தது. ஆஸ்பத்திரில நீ எங்கிட்டப் பேசுன என்றார், என்ன பேசுனேன், உளறிருப்பேன், கனவுல யாருக்கோ டிரங்க் கால் போட்ட மாதிரி இருக்கு, அவ்வளவுதான், என்றாள் அவள். எண்பத்தஞ்சு, என்று மட்டும் சொன்னார். கீரையிலிருந்து அவள் கை எழவில்லை, ஒரு காம்பு, இன்னொரு காம்பு, தெருவில் பழைய பேப்பர்க்காரன் கூவிக்கொண்டு போனான், பயந்துட்டேன் ரூபா, நீ போனா திரும்பி வரமாட்டன்னு பயந்துட்டேன், வேற ஒண்ணுமில்ல என்றார் தங்கையா. அவள் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், தாடையில் சவரம் விட்டுப்போன இடத்தில் வெள்ளை முடி, எழுபத்தெட்டு வயது முகம், இதற்காகக் கோபப்பட வேண்டும் என்று முப்பது வருடமாக நினைத்தது வரவில்லை, இரக்கமும் வரவில்லை, பதில் நல்லாத்தான் இருக்கு என்றாள், கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அடுத்த புதன்கிழமை மறுபரிசோதனைக்குப் போனார்கள். சோடியம் நூத்தி முப்பத்தாறு, நல்லாருக்கு, என்று தாளைப் பார்த்துச் சொல்லிவிட்டு, இப்ப எப்படி இருக்கு என்று டாக்டரம்மா கேட்டாள், எந்த டாக்டர் கேட்டாலும் தங்கையாதான் சொல்வார், சாப்பாடு, தூக்கம், மலச்சிக்கல் வரைக்கும், இன்றும் அவர் வாய் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது, குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். கேள்வி தன்னிடம் வந்திருக்கிறது என்பது ரூபவதிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது, அவள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள், நெறைய இருக்கு டாக்டர், உங்களுக்கு நேரம் இருக்கா, முதல்ல கால் முட்டில இருந்து சொல்லுதேன்.