கையெழுத்துக்கு மேலே இருப்பது

மேஸ்திரிக்கு எதையும் சொன்ன விலைக்கு வாங்கிப் பழக்கமில்லை. பல் வைத்தியரிடம் இரண்டு பல்லுக்கும் சேர்த்து ஒரு விலை பேசியவர். கொத்தனாராகத் தொடங்கி, கான்ட்ராக்டர் ஆகி இருபது வருடம் ஓடியும் அந்தப் பெயர் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அப்படிப்பட்டவர் அன்று காலை ஜெராக்ஸ் கடையில் ஒரு தாளின் கீழ்ப்பாதியை மடித்த பேப்பரால் மறைத்து, மேல்பாதியை மட்டும் நகல் எடுக்கச் சொன்னார். முழுத்தாளுக்கும் அதே காசுதான் என்றான் கடைக்காரன். பாதி போதும் என்றார். சும்மா வருவதை அவர் வேண்டாம் என்றது அதுதான் முதல் தடவை.

அந்தத் தாள் வேலைத்தளத்து தினக் குறிப்பேட்டில் ஒன்பதாம் தேதிப் பக்கம். எழுதியவன் அவருடைய தம்பி. எழுதி மூன்று நாள் கழித்து, பன்னிரண்டாம் தேதி, தரைக்கடியில் வண்டி நிறுத்துமிடத்துக்காகத் தோண்டிய பள்ளத்தின் பக்கச்சுவர் சரிந்து, அதற்குள் இறங்கியிருந்த தம்பி மண்ணோடு போய்விட்டான். அவனை வெளியே எடுக்க நாலு மணி நேரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு எல்லாம் தாளாகவே வந்தது. வேலை தாமதம் என்று ஒரு கடிதம். ஒப்பந்தத்தை ரத்து செய்யப் போகிறோம், வங்கி உத்தரவாதத்தை எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்று இன்னொன்று. அந்த உத்தரவாதத்துக்கு மேஸ்திரி அடகு வைத்திருந்தது வீட்டை. மாடியில் அவர் குடும்பம். கீழே தம்பி மனைவி சின்னவளும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும்.

ஒப்பந்தம் நாலு தடித்த ஃபைல். அதைப் படித்துச் சொல்ல ஒரு ஓய்வுபெற்ற ஆலோசகரைப் பிடித்தார்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்கூட எந்த ஷரத்தின் கீழ் என்று கேட்பவர் என்பதால் தொழிலில் எல்லோருக்கும் அவர் 'ஷரத்து'. அவர் விரலை நக்கி நக்கிப் பக்கம் புரட்டி, தப்பிக்க ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். ஆறு மீட்டர் வரை தண்ணீர் இல்லை என்று கட்டிட உரிமையாளர் கொடுத்த மண் அறிக்கை சொல்கிறது. நாலு மீட்டரிலேயே வந்துவிட்டது. அறிக்கையில் இல்லாதது மண்ணில் இருந்தால் கூடுதல் காலம் கேட்க உரிமை உண்டு. ஆனால் விஷயம் தெரிந்த நாளிலிருந்து இருபத்தெட்டு நாளுக்குள் எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். மேஸ்திரி கடிதம் கொடுத்தது தம்பி போன நாற்பதாம் நாள்.

"அறிவிக்கலேன்னா உரிமையே செத்துப்போச்சுன்னு அர்த்தம்," என்றார் ஷரத்து. பிறகு, சொன்ன வார்த்தை யார் வீட்டில் விழுந்தது என்று உறைத்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

இன்னொரு கதவும் அந்த நாலு ஃபைலுக்குள் இருந்தது. தினக் குறிப்பேட்டில் எழுதி, உரிமையாளர் தரப்புப் பொறியாளர் கையெழுத்திட்டிருந்தால் அதுவே அறிவிப்பு. அப்படி ஏதாவது பக்கம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லவே இல்லை என்று மேஸ்திரி கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டார். கணவன் போனபின் ஆபீஸ் ஃபைல்களைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னவள், தான் ஒரு தடவை தேடிப் பார்ப்பதாகச் சொன்னாள்.

அவள் தேடுவதற்கு முன்னால் மேஸ்திரி வேலைத்தளத்துத் தகரக் கொட்டகைக்குப் போய்க் குறிப்பேட்டை எடுத்துவிட்டார். எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியும். கிழித்துப் போட்டால் வீடு போகும். முழுசாகக் கொடுத்தால் போவது வேறு. தம்பியைக் கிடத்தியிருந்த கூடத்தில், பத்துப் பேர் நடுவில், சின்னவளிடம் அவர் சொல்லியிருந்தார்: "உள்ள தண்ணி இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் விட்டிருப்பேனாம்மா?" விசாரிக்க வந்த தொழிலாளர் துறை அதிகாரியிடமும் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டு விலைக்கும் நடுவில் ஒரு விலை எப்போதும் இருக்கும் என்பது அவர் பிழைப்பு கற்றுக்கொடுத்தது. அதனால் பாதித் தாள்.

ஷரத்தின் அறையில் சின்னவள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். எங்கேயோ இடுக்கில் கிடைத்தது என்று மேஸ்திரி நகலை நீட்டினார். ஷரத்து வாசித்தார். காலை பத்து இருபது, நாலு மீட்டரில் தண்ணீர், அறிக்கையில் இல்லை. அவர் முகம் மலர்ந்தது. உடனே வாடியும் போனது.

"இது உங்க தம்பி எழுதினது. அவங்க ஆள் கையெழுத்து எங்க?"

"அது கீழ இருக்கு சார்."

"கீழ இருக்கிறதைத்தானே கேக்கிறேன்? இது என்ன, துணிக்கடை சாம்பிளா, அரை முழம் வெட்டிக் கொண்டுவந்திருக்கீங்க?"

மேஸ்திரி விடவில்லை. மேலே உள்ளதையும் கையெழுத்தையும் வைத்துக்கொண்டு நடுவில் இரண்டே இரண்டு வரியை மட்டும் விட்டுவிட்டால் ஆகாதா என்று, வியாபாரம் படிய வைக்கும் குரலில் கேட்டார்.

ஷரத்து கண்ணாடியைக் கழற்றினார். "மேஸ்திரி, அந்தாள் ரெண்டு வரியைக் கழிச்சுக்கிட்டுக் கையெழுத்துப் போடலை. அதுக்கு மேல என்னென்ன இருக்கோ அத்தனைக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்காரு. இது கார்பன் வச்சு எழுதின புக்கு, வெள்ளைப் பிரதி அவங்ககிட்ட இருக்கு. நாம வெட்டின தாளை நீட்டினா அவங்க முழுத் தாளை நீட்டுவாங்க. முழுசாக் குடுங்க, இல்லை வீட்டை மறந்துட்டு எழுந்து போங்க."

சின்னவள் அவரைப் பார்க்கவில்லை. மேசை மேல் கிடந்த பாதித் தாளில் கணவனின் கோணல் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரி பைக்குள் கைவிட்டுக் குறிப்பேட்டை எடுத்தார். பக்கம் புரட்டத் தேவையிருக்கவில்லை, அதுவாகவே அங்கே திறந்தது. ஷரத்து எட்டிப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மாமா, அவரு என்ன எழுதியிருக்காரு?" என்றாள் சின்னவள். "நீங்களே படிங்க."

கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிப் பார்த்தார். அது அவர் சட்டைப் பையிலேயே இருப்பதை அவள் விரலால் காட்டினாள். படித்தார்.

"வேலையை நிறுத்தி, பக்கச்சுவருக்கு முட்டுக் கொடுக்கலாம்னு அண்ணன்கிட்ட போன்ல சொன்னேன். எந்திர வாடகை ஓடுது, நிறுத்தாதேன்னுட்டார். தண்ணி இறைக்க அவரையே பம்ப் அனுப்பச் சொல்லியிருக்கேன்."

அதற்குக் கீழே பொறியாளரின் கையெழுத்து கொக்கி கொக்கியாக இருந்தது.

அழுவாள், வாரித் தூற்றுவாள் என்று மேஸ்திரி உடம்பைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார். அப்படி நடந்திருந்தால் அவரும் அழுது ஒரு மாதிரி கணக்குத் தீர்ந்திருக்கும்.

"பம்ப் எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள்.

எந்திரத்துக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று சொல்ல அவரிடம் ஏழெட்டுக் காரணம் இருந்தது. வாய்வரை வந்தது ஒன்றே ஒன்று.

"வரலைம்மா. வாடகை ஜாஸ்தியா கேட்டான். பேசிக்கிட்டு இருந்தேன்."

"மூணு நாளா?"

அவர் தலையாட்டினார்.

அவள் குறிப்பேட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கூடுதல் காலம் கேட்டு ஷரத்து தட்டச்சு செய்து வைத்திருந்த புதுக் கடிதத்தோடு இந்தப் பக்கத்துக்கு எத்தனை நகல் சேர்க்க வேண்டும் என்று ஷரத்திடம் விசாரித்தாள். உரிமையாளருக்கு ஒன்று, பொறியாளருக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்றார் அவர். அவள் நாலு எடுத்துவரப் போவதாகச் சொன்னாள். நாலாவது எந்த ஆபீசுக்கு என்று யாரும் கேட்கவில்லை. உள்ளறையில் எந்திரம் நாலு முறை முனகி ஓய்ந்தது.

அதற்குள் ஷரத்து கடிதத்தைச் சரிபார்த்து மேஸ்திரி முன் தள்ளினார். தட்டச்சில் எல்லாம் கச்சிதமாக இருந்தது. ஒரே இடம் காலி: நிலத்தடி நீர் இருப்பது ஒப்பந்ததாரரான எனக்குத் தெரியவந்த நாள். அதை மட்டும் சொந்தக் கையால் நிரப்ப வேண்டும் என்றார். தொழிலாளர் துறை அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தில் அந்த நாள் பன்னிரண்டு. மேஸ்திரி பேனாவை மூடினார், திறந்தார், பிறகு ஒன்பது என்று எழுதினார். ஒன்பது ஒன்பதாகத்தான் தெரிந்தது.

சின்னவள் நகல்களோடு வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று கடிதத்தைப் பார்த்தாள். சூடு ஆறாத தாள்களை மேசையில் தட்டி ஒழுங்குபடுத்தினாள்.

"தேதி மட்டும் போதாது," என்றாள். "மாசமும் வருஷமும் எழுதுங்க, மாமா."