மாசிச் சாறு

ஹஃப்சா ஆறு வருடம் ஜப்பானில் நகோயா நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்த்தவள். கணவன் அஃப்சலுக்கு முதுகில் அடிபட்டு அங்கே தொழிற்சாலை வேலை போனதும் இருவரும் பரங்கிப்பேட்டைக்குத் திரும்பினார்கள். சிதம்பரத்தில் நாலு மேசை போடுகிற அளவுக்கு ஒரு கடை வாடகைக்குக் கிடைத்தது. பிரியாணி போட்டால் ஓடும் என்றான் அஃப்சல். ஜப்பான் சாப்பாடுதான் என்று அவள் சொல்லிவிட்டாள்.

ஜப்பான் என்றாலே பச்சை மீன் என்று ஊரில் நினைத்திருந்தார்கள். அவள் கற்றுக்கொண்டதோ வயதானவர்களின் அன்றாடச் சாப்பாடு: சோறு, ஒரு சூப், சுட்ட மீன், உப்பில் ஊறிய முள்ளங்கி. அவர்கள் சமையலில் ஊற்றும் அரிசி மதுவை மட்டும் அவள் தொடுவதில்லை. அதற்குப் பதிலாகச் சர்க்கரையும் துளி வினிகரும் சேர்க்க அங்கேயே பழகியிருந்தாள்.

அரிசி தேடிக் காட்டுமன்னார்கோயிலுக்குப் பஸ் ஏறினாள். மில்காரர் கலியமூர்த்தி பொலபொலவென்று உதிரும் ரகங்களாகக் காட்டினார்.

“குழையுதுன்னு யாராவது திருப்பிக் குடுத்த அரிசி இருக்குங்களா?”

“குண்டரிசி கெடக்குதும்மா. சோறு ஒட்டிக்குமே, அத வச்சி என்ன பண்ணுவீங்க?”

“ஒட்டணும். அதுக்குத்தாங்க வந்தேன்.”

சூப்தான் அவளைப் படுத்தியது. ஜப்பானில் கட்டைபோல் காயவைத்த சூரை மீனைச் சீவி, வெந்நீரில் போட்டு வடிகட்டுவார்கள். அந்தச் சாற்றில் மிசோவைக் கரைப்பார்கள். மிசோ என்பது அவித்த சோயா பீன்ஸோடு உப்பும், பூசணம் ஏற்றிய அரிசியும் பிசைந்து மாதக்கணக்கில் புளிக்கவைக்கும் விழுது. அது சென்னையில் கிடைத்தது. மீன் சீவலுக்கு வழியில்லை. கடலூர் துறைமுகத்தில் கருவாட்டுக் கடைகளாக ஏறி இறங்கினாள். கடைசியில் அமிர்தம் என்ற வியாபாரி கறுத்து இறுகிய ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். மாசிக் கருவாடு. அதுவும் சூரைதான். மோந்து பார்த்ததும் ஹஃப்சாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதே வாசனை.

கடை திறந்த முதல் நாள் ஏழு பேர் வந்தார்கள். பக்கத்துத் துணிக்கடைக்காரர் ஜெயப்பிரகாஷ் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தை நகர்த்தினார்.

“கருவாட்டுத் தண்ணிதானேம்மா இது? இதுக்கு ஜப்பான் பேரு வேறயா?”

மற்றவர்கள் சிரித்தார்கள். மறுநாளாவது மிளகாயும் மசாலாவும் சேர்க்கலாம் என்றான் அஃப்சல்.

“மசாலா போட்டா அது நம்ம சாப்பாடு மச்சான். அதுதான் தெருவுக்கு நாலு கடையில கெடைக்குதே.”

ஆனால் பெயர் விஷயத்தில் ஜெயப்பிரகாஷ் சொன்னது சரி என்று அவளுக்குப் பட்டது. காலையில் பலகையிலிருந்த ஜப்பான் பெயர்களை அழித்தாள். மாசிச் சாறு, ஒட்டரிசி உருண்டை, சோயா தடவிச் சுட்ட காணாங்கெளுத்தி என்று எழுதினாள். யார் கேட்டாலும் எதில் என்ன சேர்கிறது என்பதை ஒளிக்காமல் சொன்னாள்.

பத்து நாள் பாதிச் சோறு மிஞ்சியது. பதினோராம் நாள் ஜெயப்பிரகாஷ் தொண்டைக் கட்டோடு வந்து, சூடாக அந்தச் சாறு வேண்டும் என்று கேட்டார். இரண்டு கிண்ணம் குடித்தார். சோறும் மீனும் வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் கடை ஆட்கள் மூவரைக் கூட்டிவந்தார்.

இரண்டு மாதத்தில் மதிய நேரத்துக்கு நாலு மேசையும் நிரம்பின. ஹஃப்சா பெரிய பீங்கான் ஜாடி ஒன்று வாங்கி, சோயா பீன்ஸை ஊறப்போட்டாள். இனி மிசோவும் இங்கேயே போடப்போவதாகச் சொன்னாள். எத்தனை நாளாகும் என்று அஃப்சல் கேட்டான்.

“ஆறு மாசம். கெட்டுப்போனா மறுபடி போடுவேன்.”

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஜாடியைக் கழுவ உட்கார்ந்தான்.