எட்டு வாரத்து மாத்திரை

கமானா மலை இறக்கத்தில் வெங்காய லாரி கவிழ்ந்து என் அண்ணன் லிசாந்த்ரோ செத்துப்போனான். அண்ணி பெனீத்தா அழவில்லை. சவப்பெட்டி கூடத்தில் இருந்தது. அவள் பின்கட்டில் விறகடுப்பின் முன்னால் நின்று, துக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சூப் கிண்டிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரி தோளைத் தொட்டு, "அழுதுடு தாயி, நெஞ்சுல வச்சுக்காத" என்றாள்.

"வரலையே" என்று சொல்லிவிட்டு அண்ணி கிண்ணம் எடுக்கப் போனாள்.

அரெகிபா நகரத்தில் எங்கள் சாப்பாட்டுக் கடையை அவளும் நானும்தான் நடத்தினோம். ரோக்கோத்தோ மிளகாயை அம்மியில் அரைப்பது நான். ருசி பார்ப்பது அவள். விடிந்ததிலிருந்து அந்தக் காரம் உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தால் வயிறு என்னவாகும்? பல வருஷங்களுக்கு முன்பு நெஞ்செரிச்சல் தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒமெப்ரசோல் மாத்திரை கொடுத்து, காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, எட்டு வாரம் போட்டுவிட்டு வந்து காட்டு என்றார்கள். எரிச்சல் நின்றது. அவள் காட்டப் போகவில்லை, மாத்திரையையும் விடவில்லை. தெருமுனை மருந்துக்கடையில் சீட்டெல்லாம் கேட்பதில்லை. அவள் தலையைக் கண்டதும் அட்டையை எடுத்து வைத்துவிடுவார்கள். கடையில் யாராவது ஏப்பம் விட்டால்கூட, "இந்தா, மிட்டாய்" என்று மடிப்பையிலிருந்து மாத்திரை ஒன்றை எடுத்து நீட்டுவாள்.

அண்ணனைப் புதைத்த பிறகு வந்த குளிர்காலத்தில் ஒருநாள் சொன்னாள்: "ரெமி, பாதம் ரெண்டும் பஞ்சு மேல வச்ச மாதிரி இருக்குடி. கைவிரலும் மரமரங்குது."

"நாள் முழுக்க நிக்கிறீங்கல்ல அண்ணி, அதான்."

"இல்லடி. இது துக்கம். அழாட்டி காலுக்கு எறங்கிடும்போல."

அதை நம்பினேன். தெருவே நம்பியது. கல்நெஞ்சுக்காரி என்று பேசியவர்கள், பாவம், உள்ளுக்குள்ளேயே மரத்துப்போய்விட்டாள் என்று பேச ஆரம்பித்தார்கள். அண்ணி மறுக்கவில்லை. அந்தப் பேச்சு அவளுக்கு ஒரு கறுப்புச் சால்வை மாதிரி இருந்தது. போர்த்திக்கொண்டாள்.

பிறகு கைப்பக்குவம் கெட்டது. ஞாயிற்றுக்கிழமை பன்றிக்கறிக் குழம்புக்கு வருகிற கொத்தனார் புருதென்சியோ கரண்டியை வைத்துவிட்டு, "என்ன பெனீத்தா, மொல்லெந்தோ கடல் தண்ணியவே சட்டியில ஊத்திட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முன்பென்றால் அகப்பையோடு அவரைத் துரத்தியிருப்பாள். இப்போது சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்படியா?" என்று மட்டும் கேட்டாள். அவள் நாக்கு தோலுரித்த தக்காளி மாதிரி வழவழவென்று சிவந்திருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

ஒரு மத்தியானம் அம்மியில் இருந்தேன். தோல் பொசுங்குகிற வாடை வந்தது. திரும்பினால், அடுப்பிலிருந்து தெறித்த கங்கு ஒன்று அண்ணியின் செருப்புக்கும் பாதத்துக்கும் நடுவில் கிடந்து புகைகிறது. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

"அண்ணி! காலு! காலு!"

குனிந்து பார்த்தாள். யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பது போல.

புண்ணுக்கு மருந்து போடத்தான் சுகாதார நிலையத்துக்கு இழுத்துப்போனேன். அங்கிருந்த டாக்டர் வில்கா சின்ன வயசுக்காரி. கட்டுப் போட்டுவிட்டு, அண்ணியைக் கண்ணை மூடச்சொல்லி ஊசிமுனையால் பாதத்தைத் தொட்டாள்.

"தெரியுதாம்மா?"

"நீ எப்ப தொடப்போற?"

டாக்டர் நாக்கைப் பார்த்தாள், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். "தினம் மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணுமில்ல."

"அந்த மிட்டாய்?" என்றேன். அண்ணி என்னை முறைத்தாள்.

ரத்தப் பரிசோதனை வந்ததும் டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னாள். வயிற்றில் சுரக்கிற அமிலம் எரிச்சலை மட்டும் தருவதில்லை. கறியிலும் முட்டையிலும் இருக்கிற பி-12 சத்தைப் பிரித்தெடுக்க அதுவும் வேண்டும். வருஷக்கணக்கில் அமிலத்தை அடக்கினால் சிலருக்கு அந்தச் சத்து வற்றிவிடும். அது இல்லாவிட்டால் நரம்பு கெடும், காலும் நாக்கும் மரத்துப்போகும்.

"நல்ல மருந்துதாம்மா. சிலருக்கு ஆயுசுக்கும் வேணும். ஆனா வேணுமா வேண்டாமான்னு டாக்டர் அப்பப்பப் பாக்கணும். ஊசி போடுவோம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் சரியாகும், எவ்வளவு திரும்பும்னு இப்பச் சொல்ல முடியாது. மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க. படிப்படியாக் குறைக்கலாம்."

அண்ணி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இது அவருக்காக மரத்துப்போகலையா?"

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டைகளை எல்லாம் அடுப்பில் போட்டாள். நான் தடுத்துப் பார்த்தேன். "போடி" என்றாள். நாலைந்து நாளில் நெஞ்சு பற்றிக்கொண்டது. படுக்கவும் முடியவில்லை, பால் குடித்தாலும் அடங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி டாக்டரிடம் போனாள்.

"இதுக்குத்தானம்மா சொன்னேன். அடக்கிவச்ச அமிலம், சட்டுன்னு விட்டா முன்னைவிட அதிகமாப் பொங்கும்." திட்டவில்லை. எரிச்சல் அடங்கும்வரை மறுபடி தினமும் போடச்சொன்னாள், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கவைத்து, புண் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டாள். ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரமே முடிக்கச்சொன்னாள். ருசி பார்க்கும் வேலை எனக்கு வந்தது.

ஊசி வேலை செய்தது. நாக்கில் முதலில் புளிப்பு வந்தது, பிறகு உப்பு. கைவிரல்களில் மரமரப்பு போனது. வலது பாதம் பாதி திரும்பியது. இடது பாதம் அப்படியேதான்.

கல்லறைத் திருநாளுக்கு அண்ணனின் சமாதிக்குப் போனோம். சுற்றிலும் கூட்டம், பாட்டு, பீர். அண்ணி கல்லைத் துடைத்துப் பூ வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்கண்ணனும் நானும் கடைசியில ரொம்ப நாளாவே பேச்சு இல்லடி" என்றாள். "சண்டைகூட இல்ல. வருவாரு, சாப்பிடுவாரு, போவாரு. செத்ததும் அழுகை வரல. கால் மரத்தப்போ, சரி, உள்ள எங்கயோ பாசம் இருந்திருக்குன்னு நெனச்சேன். நிம்மதியாக்கூட இருந்துச்சு."

அவன் என் அண்ணன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அவள் மூட்டையை அவிழ்த்து ரொட்டியும் சீஸும் எடுத்தாள். ஒரு துண்டைப் பிட்டு எனக்குக் கொடுத்தாள், ஒன்றைக் கல்லின் மேல் வைத்தாள், மீதியைத் தின்ன ஆரம்பித்தாள்.

"உப்பு கம்மியா இருக்குல்ல?" என்றாள்.

"ஆமாண்ணி" என்றேன்.