பதினேழாம் நம்பர் வண்டி

வலது தோள்பட்டையில் காலையிலிருந்தே ஒரு முடிச்சு. கையைத் தூக்கினால் கழுத்துவரை சுளீரென்று ஏறியது. சற்று உட்காரலாம் என்று பார்த்தால் அந்தப் பெரிய கண்காட்சிக் கூடத்தில் பேருக்குக்கூட ஒரு நாற்காலி இல்லை. சுவர் முழுக்கப் படங்கள். வந்தவர்கள் எல்லாரும் கொக்கு மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். விடிகாலை ஷிப்டு முழுக்க நின்ற கால். இங்கேயும் வந்து நிற்கத்தானா சீவிச் சிங்காரித்துக்கொண்டு வந்தோம் என்று இருந்தது குச்சிக்கு.

ஆள் ஒல்லி என்பதால் லாண்டரியில் எல்லாருக்கும் அவள் குச்சி. ஓட்டல்களிலிருந்து வரும் பெட்ஷீட்டுகளைப் பெரியக்கா ஒரு பக்கம் இஸ்திரி போடும் சூடான உருளைக்குள் கொடுப்பாள். மறுபக்கம் வெளியே வருவதைக் குச்சி பிடித்து மடிப்பாள். கூடப் பிறந்தவள் இல்லை. ஆனால் ஒரே பெட்ஷீட்டின் இரண்டு முனையை இத்தனை வருஷம் பிடித்தவர்கள்.

துவைக்கும் பக்கத்திலிருந்து அடுத்த ஈரத்துணி வரும்வரை உருளை சும்மா சுற்றும். அந்த நேரத்தில் துண்டுகளை மடிக்க வேண்டும் என்பது மேனேஜர் போட்ட சட்டம். அதற்குள் பெண்கள் தங்களுக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ஒருத்தி சக்கரம் வைத்த துணி வண்டிக்குள் ஏறிச் சுருண்டு அரை மணி தூங்குவாள். ஜோடிக்காரி இரண்டு பேர் துண்டையும் மடித்துக்கொண்டு கதவைப் பார்த்திருப்பாள். தூங்கியவள் கடன்காரி, இன்னொரு நாள் காவல் நின்று அடைக்க வேண்டும். காவல்காரி கதவைப் பார்க்காத தூக்கம் கணக்கில் சேராது, கடன் அப்படியே நிற்கும். கல்யாணம், பிரசவம், சாவு என்று யாருக்கு என்ன வந்தாலும் இந்தக் கணக்கில் மட்டும் அங்கே ஒருத்தியும் ஏமாற்றியது கிடையாது.

இந்தச் சுவரில் தொங்கும் குச்சியின் படம் வந்ததே அப்படி ஒரு கடனை அடைத்த நாளில்தான். அன்று குச்சி காவல், பெரியக்கா வண்டிக்குள். முழங்கால் மோவாயைத் தொட, வெந்நீரில் வெடித்த பாதங்கள் வண்டி விளிம்பில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. குச்சி ஒரு துண்டை எடுத்தாள், வைத்தாள். மூட்டை கட்டும் பழுப்புத்தாளைக் கிழித்துப் பால்பாயிண்ட் பேனாவைப் பிடித்தவள்தான், அரை மணி எப்படிப் போனதென்று தெரியவில்லை. முகத்தை மட்டும் வரையவில்லை. ஒரு பெட்ஷீட் ஓரத்தை இழுத்து மூடினாற்போல் போட்டுவிட்டாள். யாருக்குத் தெரியப்போகிறது?

தங்கை மகள்தான் வட்டாரக் கோட்டோவியப் பரிசுக்கு அதை அனுப்பி வைத்தாள். தேர்வானதும் குச்சிக்குத் தலைகால் புரியவில்லை. பெரியக்காவிடம் மட்டும், 'லாண்டரியப் பத்தி ஒரு படம், வந்து பாருங்க' என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டாள்.

இன்றைக்குத்தான், மரச்சட்டத்துக்குள் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோதுதான், அது கண்ணில் பட்டது. வண்டியின் பக்கவாட்டில் பதினேழு என்ற எண். லாண்டரியில் நம்பர் இல்லாத பொருள் தொலைந்த பொருள். கை அதுபாட்டுக்குப் போட்டுவிட்டது. ஒவ்வொரு வண்டியும் ஒருத்தி பொறுப்பு. பதினேழு பெரியக்காவுடையதென்று மேனேஜர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

கண்காட்சி நடத்தும் கண்ணாடிக்கார அம்மாளிடம் ஓடினாள்.

"மேடம், அந்தப் படத்த எறக்கிடலாமா?"

"கடைசிச் சுத்துக்கு வந்தத எறக்க முடியாதும்மா. ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

"எறக்க வேணாம். ஒரு நிமிஷம் பேனா வச்சுட்டு வந்துர்றேன். ஏழ ஒன்பதாக்கணும், அவ்வளவுதான்."

அம்மாள் சிரித்தாள். "அந்த நம்பர்தான் நடுவர்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இதப் போயி மாத்தணுங்கிறீங்களே!"

வாசலில் கலகலவென்று சத்தம். செய்தி எப்படியோ காதில் விழுந்து, மேனேஜர் கம்பெனி வேனில் பாதி ஷிப்டை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பின்னால் பெரியக்கா, தலை நிறையத் தேய்த்த எண்ணெயோடு.

"எங்க நம்ம கலைஞர்?" மேனேஜர் நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றார். முகம் மலர்ந்தது. "அடடே, நம்ம வண்டி! பதினேழாம் நம்பர்!" அப்புறம் கொஞ்சம் குனிந்தார். வண்டிக்குள் பார்த்தார். மலர்ந்தது அப்படியே நின்றது. "யாரு இது?"

"நான்தான் சார்" என்றாள் குச்சி.

"நீயே தூங்கி, நீயே வரைஞ்சியா? கெட்டிக்காரிதான்."

பின்னால் நின்ற யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"மனசுல நெனச்சு வரைஞ்சேன் சார்."

"சரி, சரி" என்றார் மேனேஜர். அவர் கண் படத்தில் இருந்த பாதத்திலிருந்து இறங்கி, பெரியக்காவின் செருப்புக்குப் போய்த் திரும்பியது. திட்டியிருந்தால் தேவலை.

பெரியக்கா படத்தை வெகுநேரம் பார்த்தாள். "என் காலு இவ்வளவு நல்லாவா இருக்கு?" என்று மெல்லக் கேட்டாள். குச்சிக்கு உயிர் வந்தது.

"அக்கா, மூஞ்சியத்தான் மூடிட்டேனே..."

"மூடுனே. எவ்வளவு நேரம் ஆச்சு இத வரைய?"

பெரியக்கா படத்தை விட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"உன்ன நம்பித்தானேடி கண்ண மூடுனேன். நீ கதவப் பாத்துட்டு இருந்தியா, என்னப் பாத்துட்டு இருந்தியா?"

பதில் சொல்வதற்குள் ஒலிபெருக்கியில் குச்சியின் நிஜப் பெயரைக் கூப்பிட்டார்கள். முதல் பரிசு. அந்தப் பெயர் தன்னுடையதுதான் என்று பிடிபடவே கொஞ்சம் நேரமானது. யாரோ முதுகைத் தள்ள, கூட்டம் விலகி வழிவிட, மேடைக்குப் போனாள். கைதட்டல் நாலு பக்கமும் சுவர்போல எழும்பியது. வேண்டாம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் கேடயத்தைக் கையில் திணித்தபோது விரல்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டன. பொய் சொல்வானேன், சந்தோஷமாகவும் இருந்தது. மேனேஜர் பக்கத்தில் வந்து தோளில் கை போட்டுப் போட்டோவுக்கு நின்றார், சரியாக அந்த முடிச்சின் மேல்.

"பரிசு வாங்குன பொண்ண வேலைய விட்டு அனுப்புவனா?" என்றார் பல்லைக் காட்டியபடியே, கேமராவைப் பார்த்து. "பயப்படாத."

மறு வாரம் ஒருத்தரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. பெரியக்காவை அழுக்குத்துணி பிரிக்கும் பக்கத்துக்கு மாற்றினார், அவ்வளவுதான். அங்கே துணி நிற்காமல் வரும். குனிந்த முதுகு நிமிர நேரம் இருக்காது, தூக்கத்தை நினைக்கவே முடியாது. வண்டிகளையெல்லாம் இழுத்துவந்து தன் கண்ணாடி அறைக்கு நேரே வரிசையாக நிறுத்தச் சொன்னார். படத்தின் பெரிய நகல் ஒன்று உருளைக்கு எதிர்ச் சுவரில் ஏறியது, கீழே 'எங்கள் பெருமை' என்று எழுதி. பெட்ஷீட்டைப் பிடிக்கக் குச்சி கையைத் தூக்கும்போதெல்லாம் அந்த வெடித்த பாதங்கள்தான் எதிரே.

புது ஜோடிக்காரி வேலை நேரத்தில் நல்லவள்தான். ஆனால் குச்சியின் பேனா மேசையில் கிடந்தால் எடுத்து டிராயரில் போட்டுவிடுவாள். "எதுக்கு வம்பு?" என்பாள்.

ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் பெரியக்கா தனியாக அகப்பட்டாள். கண் உள்ளே போயிருந்தது.

"அக்கா, வேலைய விட்டுரலாம்னு இருக்கேன்."

"விட்டுட்டு? சுவத்துல இருக்கிறது எறங்கிடுமா?" பெரியக்கா வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். "போறதுன்னா அடைச்சுட்டுப் போ. அன்னைக்கு நீ நின்னது காவல் இல்லடி."

பெரியக்கா அழுக்குத்துணிப் பக்கம் போய்விட்டாள். குச்சி உருளைக்குத் திரும்பினாள். அடுத்த பெட்ஷீட் ஆவி பறக்க வெளியே வந்துகொண்டிருந்தது. பிடிக்காவிட்டால் தரையில் விழும். பிடித்தாள். பெரியக்காவுக்கு அவள் அரை மணி நேரத் தூக்கம் இன்னும் பாக்கி.