தொட்டி தரையில்தான்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே அவள் வீட்டில் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“நம்ம வீட்டுல ஒரு வெந்நீர்த் தொட்டி வைக்கப் போறேன். ஓட்டல்ல இருக்கற மாதிரி. சுத்தி நுரை தள்ளுற மோட்டாரோட.”

மகன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

இருபத்தாறு வருஷம் அவள் ஒரு பெரிய ஓட்டலின் குளியல் பகுதியைத் துப்புரவு செய்தவள். விடியும்போதே அங்கிருந்த வெந்நீர்த் தொட்டியின் மூடியைத் திறப்பாள். விளிம்பில் படிந்த அழுக்கு வளையத்தைத் தேய்ப்பாள், வடிகட்டியைக் கழற்றி அலசுவாள், தண்ணீரில் மருந்து சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு விருந்தினர்கள் வந்து கழுத்துவரை அமிழ்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். முழங்கால் வீங்கிய ஒரு நாள், யாருமில்லாத நேரத்தில் அவள் அரை நிமிஷம் காலை நனைத்தாள். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தாள். பதினோரு வருஷம் ஆகியும் அந்தக் கடிதம் அவள் நெஞ்சில் முள்ளாகவே குத்திக்கொண்டிருந்தது.

அவளைத் தடுக்கத் தன்னால் முடியாதென்று தெரிந்ததும் மகன் தாய்மாமனுக்குப் போன் போட்டான். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அதே நேரத்தில் அவள் வரச்சொல்லியிருந்த காண்ட்ராக்டரும் அளவு நாடாவோடு வந்தார்.

வந்தவர் ஆண்கள் இருவரையும் பார்த்தே பேசினார். “மொட்டை மாடியில வச்சுடலாம் சார். யார் கண்ணுலயும் படாது.”

மகனுக்கு உயிர் வந்தது. “அதான் சரி!”

“தம்பி, இங்க பாருங்க,” என்றாள் அவள். “தொட்டி என்ன எடை?”

“முன்னூறு கிலோ இருக்கும்மா.”

“அது காலித் தொட்டி. ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் தண்ணி ஊத்தினா? அதுக்குள்ள நாலு பேர் உக்காந்தா? துணிக்கொடிக் கம்பி நட்டதுக்கே இந்த மாடி விரிசல் விட்டிருக்கு. தூங்கும்போது தலையில இறங்கணுமா?”

காண்ட்ராக்டர் நாடாவைச் சுருட்டிக்கொண்டார். இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தார். “எங்க வைக்கணும்னு நீங்களே சொல்லுங்கம்மா.”

அவள் வீட்டின் பக்கவாட்டில் கார் நிற்கும் கொட்டகைக்கு நடந்தாள். “இங்க. கெட்டியான தரை, பக்கத்துலயே சாக்கடைக் குழாய். கான்கிரீட் தளம் போடணும். கரண்டுக்குத் தனி லைன், ஷாக் அடிக்கறதுக்குள்ள தானா விழுற சுவிட்சோட. மோட்டார் பக்கம் ஒரு ஆள் உக்காந்து கழட்டற அளவுக்கு இடம் விடணும். சுவரோட ஒட்டி வச்சுட்டு அப்புறம் முழிக்கக் கூடாது.”

“அப்ப என் கார்?” என்றான் மகன்.

“தெருவுல நிக்கட்டும். கார் நனைஞ்சா பரவாயில்ல. நான் நனையணும்.”

அண்ணன் தொண்டையைச் செருமினார். “வயசான பொம்பளை இப்படி வெட்டவெளியில தண்ணிக்குள்ள உக்காந்திருந்தா நாலு பேர் என்ன பேசுவாங்க?”

“அந்த நாலு பேரையும் வரச்சொல்லுண்ணே. நாலு பேர் உக்கார்ற தொட்டிதான்.”

“நான் இருக்கறவரைக்கும் இது நடக்காது!”

“நீ இருக்கும்போதே நடக்கணும்ணே. நல்லா இருந்து பாரு.”

சிரிப்புச் சத்தம் வாசல்பக்கமிருந்து வந்தது. மருமகள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே விற்பவள். வீட்டில் அதிகம் வாய் திறக்காதவள். அவள் கையில் கார் சாவி இருந்தது. யாரிடமும் எதுவும் கேட்காமல் வண்டியில் ஏறி, பின்னால் எடுத்து, தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தாள்.

“நீயுமா?” என்றான் மகன்.

“எனக்கும் கால் வலிக்குதுங்க. பத்து மணி நேரம் நின்னு பாருங்க தெரியும்.” பிறகு மாமியாரிடம், “அத்தை, எந்தப் பக்கம் பார்த்து உக்காருவீங்க?” என்று கேட்டாள்.

அதை அவள் யோசித்திருக்கவில்லை. காண்ட்ராக்டர் சாக்பீஸால் கோடு போட்ட சதுரத்துக்குள் இறங்கி, சேலையை ஒதுக்கிக்கொண்டு வெறுந்தரையில் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு பக்கம் சுவர். எதிர்ப்பக்கம் கேட், அதற்கப்பால் தெரு.

“சுவரைப் பார்த்து உக்காந்தா மறைவா இருக்கும்மா,” என்றார் காண்ட்ராக்டர்.

“கேட்டைப் பார்த்து உக்கார்ற மாதிரி போடுங்க.”

“போறவங்க வர்றவங்க எல்லாம் தெரிவாங்களே?”

“தெரியட்டும். அவங்களுக்கும் நான் தெரியட்டும்.”

அண்ணன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார். அவள் அவரை வாசல்வரை போய் வழியனுப்பினாள், கெஞ்சவில்லை.

திங்கட்கிழமை காலை, மேலே வானம் தெரியட்டும் என்று கொட்டகையின் கூரையைப் பிரித்து இறக்கச் சொன்னாள். புதன்கிழமை தளம் போட்டார்கள். பூச்சு ஈரமாக இருக்கும்போதே அவள் மட்டப்பலகையை வைத்துப் பார்த்தாள். ஒரு மூலை விரல்கடை அளவு இறங்கியிருந்தது.

“இதெல்லாம் கண்ணுக்கே தெரியாதும்மா,” என்றார் கொத்தனார்.

“தண்ணிக்குத் தெரியும்,” என்றாள் அவள். “கலவை குழைங்க. நான் இங்கதான் நிக்கிறேன்.”