கால்நடைப் பாதை

இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு கண்டுபிடிக்கப்பட்டுள்ளது.

கண்டுபிடித்தவர், லண்டனில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டு ஊருக்கு வந்த திரு. ஜெயரூபன். கண்டுபிடிக்கப்பட்ட இடம் வழுக்கையாறு. மாரியில் மூன்று கிழமை அதில் வெள்ளம் ஓடும். மிச்ச நாற்பத்தொன்பது கிழமையும் அது ஆறு என்பது யாராவது சொன்னால்தான் தெரியும். பள்ளத்தாக்கின் ஆழம், மிக ஆழமான இடத்தில், நடுத்தர உயரமுள்ள ஓர் ஆளின் இடுப்பு மட்டம்.

கண்டுபிடிப்பு அதோடு நிற்கவில்லை. ஓர் ஏரியும் ஒரு வனமும் கூடவே அகப்பட்டன. ஏரி என்பது ஆலடிக்குளம். வனம் என்பது குளத்துக்கு மேற்கே கிடக்கும் பனங்கூடல். அறுபத்துமூன்று பனை, அதில் நாலு, ஷெல் பட்டுத் தலை இல்லாதவை. இவை மூன்றையும் சேர்த்து வழவழப்பான தாளில் ஒரு துண்டுப்பிரசுரம் வந்தது: ‘ஏரிகள், வனங்கள், ஆற்றுப் பள்ளத்தாக்குகள்: எல்லோருக்குமான இலகு நடைகள்.’ ஒரே ஒரு குளம் எப்படி ‘ஏரிகள்’ ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. லண்டனில் அச்சடித்த தாளிடம் கேள்வி கேட்பது எங்களுக்குப் பழக்கமில்லை.

ஜெயரூபன் கெட்ட மனிதர் அல்ல. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் முழங்கால் வரை சப்பாத்துப் போட்டு வயல்வெளிகளுக்குள் நடந்து பழகியவர். இங்கே வந்து முதல் கிழமை தனியாக நடந்து பார்த்தார். எங்கள் ஊரில் ஒருவர் நடந்து போகிறார் என்றால் ஒன்று மோட்டார்சைக்கிள் ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது வீட்டில் சண்டை. பதினொரு பேர் நிறுத்தி, “ஏறுங்கோ அண்ணை, இறக்கிவிடுறன்” என்றார்கள். மறுக்க வெட்கப்பட்டு மூன்றாம் நாள் ஒன்றில் ஏறினார். அது அவரைத் தெல்லிப்பழைச் சந்தியில் இறக்கிவிட்டது. திரும்பி வர ஓட்டோ பிடித்தார். அன்றைக்குத்தான் இந்தச் சனத்துக்கு நடக்கக் கற்பிக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். இலகு நடை மன்றம் பிறந்தது.

மன்றத்துக்குத் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளி அதிபர் சூசைதாசன். எந்தச் சங்கத்துக்கும் தலைவராக இருக்க அவர் ஆயத்தமாக இருப்பார். மாலைக்குத் தோதான கழுத்து. மன்றத்துக்கு வேண்டிய பழம்பெருமையையும் அவரே தேடிக் கொடுத்தார். அரச கச்சேரிக் காகிதக் கட்டுக்குள் கிடந்த, தொண்ணூறு வருடம் பழைய ஒரு தருமசாதன உறுதிப் பத்திரம். பிள்ளை இல்லாத முத்தர் கந்தர் என்பவர், சந்தியிலிருந்து ஆலடிக்குளம் வரை, ஆற்றோரமாகப் பத்து முழ அகலத்தில், ‘கால்நடைப் போக்குவரத்துக்கெனத் தருமமாக விட்ட பாதை.’

“கால்நடை,” என்றார் அதிபர், கண்ணாடியைக் கழற்றியபடி. “காலால் நடத்தல். எங்கடை முன்னோர் உடற்பயிற்சிக்கெண்டு பாதை விட்டிருக்கினம். வெள்ளைக்காரனுக்கு இது இப்பதான் தெரியும்.”

ஜெயரூபனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பாதையால் அந்தத் தொண்ணூறு வருடமும் மாடு போய்வந்தது. கடைசியாகப் போய்வந்தவை சிவப்பியும் அதன் நாகு கன்று சுட்டியும். பின்னால் தடியோடு போனவள் குணலட்சுமி.

குணலட்சுமிக்கு ஐம்பத்தெட்டு வயது. புருஷன் தம்பிராசாவுக்குச் சீனி வருத்தத்தில் வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்தாயிற்று. முன்பு அவர் புல் வெட்டிச் சைக்கிளில் கட்டி வருவார். இப்போது விறாந்தையில் இருந்து வானொலி கேட்கிறார். வளவு இரண்டு பரப்பு. அதில் வீடும் கிணறும் மாட்டுக்கொட்டிலும் போக மிஞ்சுவது மாடு திரும்பி நிற்கும் அளவு. மேய்ச்சல் என்றால் ஆற்றுக்குள்தான். ஆற்றுக்குப் போக வழி இரண்டு. ஒன்று முத்தர் கந்தர் விட்டது. மற்றது பெரிய தெரு. போன வைகாசியில் முத்தர் பாதையில் யாரோ கல் பறித்துக் குவித்திருந்ததால் ஒரே ஒரு நாள் பெரிய தெருவால் கொண்டுபோனாள். அப்போதிருந்த இன்னொரு மாடான வெள்ளைச்சியை டிப்பர் லொறி அடித்துச் சாகடித்தது. அதற்குப் பிறகு அந்தத் தெருவைக் கண்டால் சிவப்பி நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்கும். ஒரு சாண் நகராது. வீட்டில் அடுப்பு எரிவதும், தம்பிராசா கிளினிக்குக்குப் போவதும் இந்த இரண்டு மாட்டின் பாலில்.

ஆகவே பாதை போனால் மாடு போயிற்று. இதில் விளங்காததற்கு ஒன்றுமில்லை. மன்றத்துக்கு மட்டும் விளங்கவில்லை.

ஒரு பின்னேரம் குளக்கரையில் அவள் கண்டது, ஆவுரஞ்சிக் கல்லில் ஜெயரூபன் முதுகைச் சாய்த்து நிற்க, ஒரு கமராக்காரப் பெடியன் படம் எடுப்பதையும் பக்கத்தில் அதிபர் நிற்பதையும். தண்ணீர் குடித்துவிட்டு வரும் மாடு உடம்பை உரஞ்சிக்கொள்ளட்டும் என்று நட்ட கல் அது. பக்கத்தில் புதிதாக ஒரு தகடு: ‘புராதன ஓய்வுக் கல்.’ சிவப்பி வந்து நின்று, தன் இடத்தில் நிற்பவரைப் பார்த்தது.

“தம்பி, கொஞ்சம் விலகுங்கோ. அவ உரஞ்சப் போறா.”

“அக்கா, நல்லகாலம் கண்டது. இனி மாட்டை இதாலை கொண்டுவரேலாது. நடக்கிற ஆக்கள் சாணியிலை மிதிக்கினம்.”

“ஆர் நடக்கினம்?”

“இனித்தான் நடப்பினம்.”

“இது மாட்டுப் பாதை தம்பி.”

“உறுதியிலை கால்நடைப் பாதை எண்டு கிடக்கு அக்கா.”

“ஓம். கால்நடை எண்டா மாடுதானே.”

ஜெயரூபன் அதிபரைப் பார்த்தார். அதிபர் சூசைதாசன் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்கு முப்பது வருடம் ஒரு பள்ளிக்கூடமே எழும்பி நின்றது.

“பிள்ளை, சொல்லை இப்பிடி மேலோட்டமாப் பாக்கக்கூடாது. கால் எண்டால் கால். நடை எண்டால் நடை. இதிலை மாடு எங்கை வருது?”

“மாஸ்டர், மிருக வைத்தியரை என்னெண்டு சொல்லுவியள்?”

“கால்நடை வைத்தியர்.”

“அவர் ஆருக்கு ஊசி போடுறவர்? உங்களுக்கோ?”

கமராக்காரப் பெடியன் சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டான். அதிபர் சிவந்தார். ஒரு மனிதர் தான் பிழை என்று அறிந்துகொள்ளும் கணத்தில் முகம் ஒரு விதமாக மாறும், அது மாறியது. ஆனால் துண்டுப்பிரசுரம் ஆயிரம் பிரதி அச்சாகி வந்துவிட்டது.

“அது பிற்கால வழக்கு,” என்றார்.

குணலட்சுமி கிராம அலுவலரான விதானையிடம் போனாள். விதானை என்பது இப்போது கீர்த்திகா என்ற இருபத்தொன்பது வயதுப் பெண். ஊரில் இன்னும் விதானைப் பிள்ளை என்றுதான் சொல்வார்கள். கீர்த்திகா உறுதியின் பிரதியை இரண்டு தரம் வாசித்தாள்.

“அன்ரி, இது மாட்டுக்கு விட்டதுதான். ஒரு சந்தேகமும் இல்லை.”

“அப்ப எழுதித் தாருமன்.”

“எழுதலாம். ஆனா ‘கால்நடைக்கு உரித்தான பாதை’ எண்டுதானே எழுதோணும். அவையும் அதைத்தானே சொல்லினம்.”

“மாடு எண்டு எழுதும்.”

“உறுதியிலை மாடு எண்டு இல்லையே அன்ரி. இல்லாததை நான் எழுதினா என்னைத்தான் கேப்பினம்.”

“மாடு வந்து சொல்லாது எண்டு உங்கள் எல்லாருக்கும் நல்லாத் தெரியும்,” என்றாள் குணலட்சுமி. கீர்த்திகா தலையைக் குனிந்து, ஏற்கெனவே ஒழுங்காக இருந்த காகிதங்களை ஒழுங்காக்கினாள். உறுதியின் பிரதி ஒன்றை மட்டும் மடித்துக் குணலட்சுமியின் கையில் வைத்தாள். “வைச்சிருங்கோ அன்ரி. ஒண்டுக்கும் உதவாது. எண்டாலும் வைச்சிருங்கோ.”

திறப்பு விழா தைப்பூசத்துக்கு அடுத்த சனிக்கிழமை. சந்தியில் பந்தல், நாதஸ்வரம், கொழும்பிலிருந்து ஒரு பிரமுகர். பாதையின் வாசலில் துணியால் மூடிய பெயர்ப்பலகை. எழுதியவன் ஜெரிசன். கொடுத்த வாசகம், ‘கால்நடையாகச் செல்வோருக்கு மட்டும்.’ பலகை சின்னது, எழுத்து பெரிது. ஜெரிசன் சுருக்கினான். பிரமுகர் துணியை இழுத்தார். கைதட்டு எழும்பியது. பலகையில் பச்சை எழுத்தில் இருந்தது:

‘இப்பாதை கால்நடைகளுக்கு மட்டும்.’

முதலில் வாசித்தவள் குணலட்சுமி. சனத்துக்குப் பின்னால் மாடுகளோடு நின்றாள். மூன்று தரம் வாசித்தாள். பிறகு தடியைத் தோளில் வைத்தாள்.

“வா சிவப்பி. எங்களுக்குத்தான்.”

இரண்டு மாடும் வெட்டிய ரிப்பனுக்கு மேலால், கம்பளத்தின் நடுவால், பழகிய நடையில் போயின. நாதஸ்வரக்காரர் நிறுத்தவில்லை, மாடு வருவது நிகழ்ச்சிநிரலில் உள்ளது என்று நினைத்தார். பிரமுகருக்கு நேரே வந்ததும் சுட்டி வாலைத் தூக்கியது. மிச்சத்தை எழுதத் தேவையில்லை. இலகு நடைகளின் வரலாற்றில் பாதை திறந்து முதல் பயன்படுத்தியவர் யார் என்ற கேள்விக்கு மறுக்கமுடியாத சான்று கம்பளத்தில் கிடந்தது.

அன்றிரவு தம்பிராசா விழுந்து விழுந்து சிரித்தார். கால் போன பிறகு அவர் அப்படிச் சிரித்ததில்லை. “இஞ்சேர், இன்னொருக்காச் சொல்லு. ஆரின்ரை சப்பாத்திலை?” குணலட்சுமி இன்னொருதரம் சொன்னாள். வென்றுவிட்டோம் என்று அவளும் நினைத்தாள்.

நாலாம் நாள் பலகை கழன்றது. எட்டாம் நாள் படலை வந்தது.

அந்தப் படலையை ஜெயரூபன் இங்கிலாந்து வயல்வெளிகளில் கண்டிருந்தார். அரைவட்டமாக ஓர் இரும்புக் கூடு. அதற்குள் முன்னும் பின்னும் ஆடும் ஒரு சின்னக் கதவு. ஒருவர் உள்ளே நுழைந்து, ஒதுங்கி, கதவைத் தள்ளி, மறுபக்கம் போகலாம். மனிதர் போகலாம், மாடு போகாது. பூட்டு வேண்டாம், காவல் வேண்டாம், ஒருவரோடும் வாய்த்தர்க்கம் வேண்டாம். இரு பக்கமும் முட்கம்பி. ஊர் அதற்கு லண்டன் படலை என்று பேர் வைத்தது.

பின்னேரம் நாலு மணிக்குச் சிவப்பி வந்து கூட்டுக்குள் தலையை வைத்தது. தோள் இடித்தது. பின்வாங்கித் திரும்பவும் வைத்தது. குணலட்சுமி கதவை முன்னுக்குப் பிடித்தாள், பின்னுக்குப் பிடித்தாள். சுட்டியை மட்டும் முதலில் விட்டுப் பார்த்தாள். அதன் வயிறு சிக்கி, அலறி, விலாவில் தோல் கிழிந்தது. கதவின் அந்தப் பக்கம் நாற்பது முழத் தூரத்தில் புல் பச்சையாக நின்றது. மாடு இரண்டும் இருட்டும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றன.

மறுநாள் தம்பிராசா ஊன்றுகோலில் தானே வந்தார். “விடு, நான் அந்தப் பக்கம் போய் வெட்டித் தாறன்.” ஊன்றுகோலோடு அந்தக் கூட்டுக்குள் திரும்ப முடியவில்லை. எல்லோருக்குமான இலகு நடை அவரையும் எடுக்கவில்லை. அவள் அவரைப் பின்பக்கமாக வெளியே இழுத்தாள்.

ஒரு மாதம் வைக்கோல், வாழைத்தண்டு, சந்தையில் கழித்த கோவா இலை. அவளே ஆற்றுக்குள் போய் வெட்டித் தலையில் கட்டி வந்தாள். கழுத்து மூன்றாம் கிழமை மறுத்துவிட்டது. ஒரு நாள் துணிந்து பெரிய தெருவால் கொண்டுபோகப் பார்த்தாள். சிவப்பி சந்தியில் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. பின்னால் பஸ் ஹோன் அடித்தது. பால் முதலில் பாதியானது, பிறகு தேத்தண்ணிக்கு மட்டும் போதும் என்றானது.

“குடுப்பம் குணம்,” என்றார் தம்பிராசா. “எலும்பு தெரியுது.”

“ஆருக்கு?”

“ஆருக்கெண்டு கேக்காதை.”

லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பெட்டி பூட்டி வந்தது. சுட்டி பேசாமல் ஏறியது. சிவப்பி ஏறவில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி லண்டன் படலையில் போய் நின்றது. வந்த ஆட்கள் அங்கே வைத்துத்தான் ஏற்றினார்கள். சந்தி வாசலாயிருந்ததால் வண்டியைக் கொண்டுவர அது வசதியாகவும் இருந்தது.

வைகாசியில் ஜெயரூபன் தொலைபேசி எடுத்தார். துண்டுப்பிரசுரத்தின் இரண்டாம் பதிப்பு வருகிறது. குரலில் நல்ல உற்சாகம்.

“அக்கா, ஒரு சின்ன உதவி. அட்டைக்கு ஒரு கிராமியக் காட்சி வேணும். உங்கடை மாட்டைக் குளத்தடிக்கு ஒருக்காக் கொண்டுவரேலுமோ? படலையை நாங்கள் கழட்டி விடுறம். அரை மணித்தியாலம்தான்.”

“அதுகள் இல்லைத் தம்பி.”

“எங்கை போயிட்டுதுகள்?”

குணலட்சுமி யோசித்தாள். “கனதூரம்,” என்றாள். தொலைபேசியை வைத்துவிட்டாள்.

ஆடியில் ஜெயரூபன் லண்டனுக்குத் திரும்பினார். அங்கே கோடை, நடக்க நல்ல காலம். அதிபர் சூசைதாசன் இப்போது நீச்சல் சங்கத்துக்கும் தலைவர். பாதையில் நடக்க ஒருவரும் வரவில்லை. வர என்ன இருக்கிறது? எல்லோரிடமும் மோட்டார்சைக்கிள் இருக்கிறது.

அப்படிச் சொல்வது முழு உண்மையும் அல்ல. மன்றத்தின் ஆண்டறிக்கையில் ‘நாளாந்தம் பாதையைப் பயன்படுத்துவோர்’ என்ற இடத்தில் ‘ஒருவர்’ என்று இருக்கிறது. நாலு மணியானால் குணலட்சுமி தடியை எடுத்துக்கொள்கிறாள். படலைக்குள் நுழைந்து, ஒதுங்கி, கதவைத் தள்ளி, புல் முழங்காலில் உரச, குளம் வரை போகிறாள். ஆவுரஞ்சிக் கல்லடியில் கொஞ்சம் நிற்கிறாள். திரும்பி வரும்போது, கை மறந்துபோய், பின்னால் வருவதற்காகப் படலைக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

பின்னால் ஒன்றும் வருவதில்லை.